பனிக்குடத்துக்கு நல்ல நேரம் தெரியாது

என் வயிற்றைப் பற்றிக் கருத்து இல்லாத ஆள் திண்டிவனத்தில் யாராவது இருந்தார்களா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவு ரவிக்கையை நீட்டுவதற்கு முன்னால் என் வயிற்றை ஒருமுறை கண்ணால் அளந்துவிடுவார்கள். "எறங்கி இருக்குது, பையன்தான்" என்பார் ஒருவர். "மூஞ்சி பளபளன்னு கீது, பொண்ணுதான்" என்பார் அடுத்தவர். இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பேன். மனிதர்கள் பேச்சென்றால் எனக்கு அவ்வளவு ஆசை. பன்னிரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குமேல் நான் கற்றதெல்லாம் அந்த பெஞ்சில் கற்றதுதான். சரியும் தப்பும் ஒரே விலைக்குக் கிடைக்கும் இடம் அது.

ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. புதன்கிழமை காலை ஒரு கல்யாண பிளவுஸுக்கு லைனிங் வெட்டி முடித்துவிட்டு ஸ்டூலை விட்டு எழுந்தேன். தொடையோடு சூடாக ஏதோ இறங்கியது. வலி கிடையாது, ரத்தம் கிடையாது. யாரோ குழாயைச் சரியாக மூடாமல் போனதுபோல் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் ஸ்டூல் நனைந்திருந்தது.

மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் புடவையைத் தொட்டுப் பார்த்தார், மோந்து பார்த்தார், முகத்தைச் சுளிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தார். பிறகு தன் மகளுக்கு, அதாவது என் நாத்தனாருக்கு, போன் போட்டார். நாத்தனார் அடுத்த தெரு. இரண்டு பிள்ளை பெற்றவர் என்ற தகுதியில் எங்கள் குடும்பத்தின் பிரசவ டாக்டர் அவர்தான். ஃபீஸ் வாங்குவதில்லை, சொன்னதைக் கேட்காவிட்டால் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார்.

வந்ததும் ஸ்டூலைப் பார்த்தார். தீர்ப்பு தயாராக இருந்தது.

"மூத்திரம்மா இது. கொழந்த கீழ அழுத்திக்கினு இருக்கு இல்ல, அதுவா ஒழுவுது. பெரியவன் வயித்துல இருக்கச்ச எனக்குத் தும்முனாலே போயிடும்."

"அண்ணி, நான் தும்மவே இல்லியே."

"தும்முனாத்தான் போவுமா? ஒரு நாளைக்கி நீ எவ்ளோ தண்ணி குடிக்கிறே?"

செக்கப்பில் சொன்னபடி பாட்டில் பாட்டிலாகக் குடிப்பதைச் சொன்னேன். நாத்தனார் தன் அம்மாவைப் பார்த்து, கேஸ் முடிந்தது என்பதுபோல் கையை விரித்தார்.

"அதான் பாத்தியா! மேல ஊத்திக்கினே இருந்தா கீழ ஒழுவாம இன்னா செய்யும்? குடிக்கிறத நிறுத்து, தானா நின்னுடும்."

உலகத்தில் இத்தனை டாக்டர்கள் இத்தனை வருடம் படித்துக் கஷ்டப்படுகிறார்களே, பாவம், யாராவது ஒருவர் எங்கள் நாத்தனாரைக் கேட்டிருக்கக் கூடாதா?

அன்றைக்கே என் தண்ணீர் பாட்டில் சமையலறை மேல் அலமாரிக்குப் போய்விட்டது. மாமியார் பாசக்காரர். தாகம் என்று சொன்னால் சின்ன டம்ளரில் பாதி ஊற்றி, "நாக்க நனச்சிக்கோ கண்ணு, போதும்" என்பார். வைத்தியம் வேலை செய்வதுபோலவும் இருந்தது. படுத்தால் கசிவு நின்றது. எழுந்து நின்றால் சேர்த்துவைத்து ஒரேயடியாக இறங்கியது. படுத்திருந்தபோது நின்றதை நாத்தனார் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். எழுந்தபோது ஓடியது என் கணக்கில், நான் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்ததாக.

வீட்டுக்காரர் ஒருமுறை வாயைத் திறந்தார். "ஒரு எட்டு டாக்டராண்ட காட்டிட்டு வந்துடலாமேம்மா."

மாமியார் பாத்திரத்தைத் தொப்பென்று வைத்தார். "காட்டுனா படுக்க வைப்பாங்க. படுக்க வச்சா ஞாயித்துக்கெழம இன்னா பண்றது? நாள் குறிச்சிட்டுத் தள்ளிப் போட்டா பிள்ளைக்கு ஆவாதுடா. கையில வளையல் ஏறாம எவளாவது ஆஸ்பத்திரி கட்டல்ல படுப்பாளா?"

என் வீட்டுக்காரர் உடனே போனை எடுத்து வீடியோ தேடினார். ஏழாம் மாதத்தில் சிறுநீர் கசிவது சகஜம் என்று ஒரு பெண்மணி பின்னணி இசையோடு சொன்னார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அவர் என் ஸ்டூலைப் பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு ஒன்று மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. அதனால் இதை மூத்திரம் என்று நம்புவதற்கு என்னிடமும் ஒரு காரணம் இருந்தது. வேறு எதுவாக இருந்தாலும் என்னால் தாங்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விழுப்புரத்திலிருந்து என் அம்மா சீர்த்தட்டோடு, தம்பி வண்டியோடு வந்து இறங்கினார்கள். மாமியார் சனிக்கிழமையே திருவக்கரை போய் அம்மன் காலடியில் வைத்த எலுமிச்சம்பழம் கொண்டுவந்து என் இடுப்பில் முடிந்திருந்தார். என் அம்மா சும்மா இருப்பாரா? திருவாமாத்தூர் கோவில் விபூதியை நெற்றி முழுக்கப் பூசினார். இரண்டு சம்பந்திகளும் சிரித்துக்கொண்டே என்னை வைத்துப் போட்டி போட்டார்கள். எனக்கு அதில் மறுப்பில்லை. பாதுகாப்புக்கு இரண்டு தெய்வம் இருந்தால் நல்லதுதான். ஆனால் ஒரு தெய்வம்கூடத் தண்ணீர் குடி என்று சொல்லவில்லை.

பச்சைப் பட்டில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அடியில் நாலாக மடித்த துண்டு இருப்பது எனக்கும் மாமியாருக்கும் மட்டும் தெரியும். முதலில் வேப்பிலைக் காப்பு. பிறகு சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல், முழங்கைவரைக்கும். கை வீங்கியிருந்ததால் வளையல்காரம்மா சோப்புத் தண்ணீர் போட்டு ஏற்றினார். கன்னத்தில் சந்தனம் பூச வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி: "ஏம்மா ஒதடு இப்டி வெடிச்சிக் கிடக்குது?" பக்கத்திலேயே நின்ற நாத்தனார், "வெயிலு" என்றார். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு எல்லாம் என் முன்னால் வரிசையாக வந்தன. காய்ந்த வாயில் ஒரு கவளம் உள்ளே போகவில்லை.

ஒரு சித்தி என் கையைப் பிடித்து வயிற்றருகே வைத்துக் குலுக்கினார். "வளையல் சத்தம் கேட்டா பிள்ள துள்ளும், பாரு."

எல்லோரும் சிரித்துக்கொண்டு பார்த்தார்கள். நானும் குலுக்கினேன். பிள்ளை துள்ளவில்லை. மறுபடி குலுக்கினேன். அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். காலையில் எழுந்ததிலிருந்து அது அசைந்ததாக நினைவே வரவில்லை. சத்தம் நிறைந்த அந்தக் கூடத்தில் என் வயிறு மட்டும் அமைதியாக இருந்தது.

ஆரத்திக்கு எழுந்தேன். அடைத்துவைத்தது மொத்தமும் இறங்கியது. பச்சைப் பட்டில் ஈரம் தெரியவில்லை. தரையில் தெரிந்தது. அதை மிதித்த என் அம்மா, "யாரு ஆரத்தித் தண்ணிய ஊத்துனது, வழுக்கி வுட்டுடப் போவுது" என்று ஒரு துணியைப் போட்டுத் துடைத்தார். அப்போதே அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருப்பேன். சுற்றிலும் இருந்தது மாமியார் வீட்டு ஜனம். முடிந்ததும் எப்படியும் அம்மாவோடு அனுப்பத்தான் போகிறார்கள், வண்டியில் ஏறிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வளையல் போட்ட பிள்ளைத்தாய்ச்சி தாய்வீட்டுக்கு நேராகப் போகவேண்டும். வழியில் எங்கும் இறங்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, புருஷன் கூட வரக் கூடாது. எனக்கு எது எதெல்லாம் கூடாது என்று மாமியார் வாசல்படியில் நின்று ஒப்பித்தார். நாத்தனார் ஜன்னல் வழியாக ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "தண்ணி!" கொடுக்கவில்லை, எச்சரித்தார்.

வண்டி ஊரைத் தாண்டியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசையில் நின்றபோது மறுபடி ஒரு பாய்ச்சல். சீட் நனைந்தது.

"ஐயோ, சரி சரி, வூடு வந்துடுச்சி" என்றார் அம்மா. "பக்கத்து வூட்டக்கா ஆரத்தித் தட்டோட நின்னுக்கினு இருக்கா. உள்ள போயி ஒரு வெளக்க ஏத்திட்டு, உடனே ஜல்தியா ஆஸ்பத்திரி போயிடலாம்."

"அக்கா நிக்கட்டும். டேய், பெரிய ஆஸ்பத்திரிக்கு வுடு."

தம்பி கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தான். "இன்னாம்மா, எங்க போவட்டும்?"

"அவங்கள இன்னாடா கேக்குற? பிள்ள அசையல, நான் சொல்றேன், வுடு வண்டிய!"

குரல் எனக்கே புதிதாக இருந்தது. நெடுஞ்சாலையோரத்துப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் தம்பி வண்டியைத் திருப்பினான். கன்னத்தில் சந்தனம், தலை நிறையப் பூ, முழங்கைவரை வளையலோடு நான் இறங்கியதைப் பார்த்த சிஸ்டர், "கல்யாண மண்டபம் இது இல்லம்மா" என்று சொல்ல வாயெடுத்தவர், புடவையிலிருந்து சொட்டுவதைப் பார்த்ததும் சக்கர நாற்காலியை இழுத்தார்.

முதலில் வயிற்றில் கருவியை வைத்தார்கள். குதிரை ஓடுவதுபோல் ஒரு சத்தம். "இதுதான் உங்க குழந்தையோட ஹார்ட்" என்றார் டாக்டரம்மா. நான் அதுவரை அழவில்லை. பிறகு வேறொரு கருவியை வைத்து உள்ளே பார்த்தார். தேங்கிநின்ற நீரில் ஒரு காகிதத்தைத் தொட்டெடுத்தார். மஞ்சள் காகிதம் நீலமாகிவிட்டது. ஸ்கேனில் பிள்ளையைச் சுற்றித் தண்ணீர் மிகவும் குறைந்திருந்தது. அசைய இடமில்லாமல் ஒடுங்கிக் கிடந்தது.

"எப்ப இருந்து போகுது?"

"புதன்கிழமைல இருந்து."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நடுவுல என்ன பண்ணீங்க?"

அம்மா உண்மையைச் சொல்லிவிட்டார். "தண்ணி குடிக்கிறத நிறுத்திட்டாங்களாம் மேடம். மூத்திரம்னு சொல்லி."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு விதத்துல மூத்திரம்தான்" என்றார். "ஆனா இவங்களோடது இல்ல. குழந்தையோடது. இந்த மாசத்துல பனிக்குடத்துல இருக்கிற தண்ணில முக்கால்வாசி குழந்தை போற சிறுநீர்தான். அதுக்குள்ளதான் அது மிதக்குது, அதை மூச்சா உள்ள இழுத்து வெளிய விட்டுத்தான் நுரையீரல் வளருது. அந்தப் பை கிழிஞ்சிருக்கு."

நாத்தனாரின் தீர்ப்பு பாதி சரி என்று எனக்குத் தெரிந்த நாள் அது. இதை அவரிடம் சொல்லக் கூடாது என்று அந்த நிமிடமே முடிவெடுத்தேன்.

பை என்பது இரண்டு மெல்லிய சவ்வுகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியது என்று டாக்டரம்மா விளக்கினார். எனக்குச் சட்டென்று புரிந்தது. துணியும் லைனிங்கும். வலி வந்து பிரசவ நேரத்தில் விடவேண்டிய தையல், முன்கூட்டியே விட்டுவிட்டது. கிழிசல் வழியாகத் தண்ணீர் வெளியே வரும். கிருமி உள்ளே போகும். அதனால்தான் விரலை விட்டுப் பார்க்கக்கூட மாட்டார்களாம். பிள்ளை எந்த நேரமும் வெளியே வந்துவிடலாம், நுரையீரல் தயாராகும் முன்பே. அதற்கு ஊசி, கிருமிக்கு மருந்து, எனக்குப் படுக்கை. காய்ச்சல் வராதவரை பிள்ளை உள்ளேயே இருக்கட்டும் என்றார். எத்தனை நாள் இழுக்க முடியுமோ அத்தனை நாள்.

நுரையீரலுக்கான ஊசி இடுப்பில் போட்டுவிட்டார்கள். மற்ற மருந்துக்குக் கையில் நரம்பு வேண்டும். என் கைகளில் நரம்பு இருந்தது. அதற்குமேல் முழங்கைவரை கண்ணாடி இருந்தது. தம்பி போனில் சொன்னதைக் கேட்டு, அந்த நேரம் பார்த்து மாமியாரும் நாத்தனாரும் வீட்டுக்காரரும் திண்டிவனத்திலிருந்து வந்து சேர்ந்தார்கள்.

"வளையல கழட்டணும்" என்றார் சிஸ்டர்.

"பிரசவம் ஆவற வரைக்கும் கழட்டக் கூடாதும்மா" என்றார் மாமியார்.

"கை வீங்கியிருக்கு, எப்படியும் சுலபமா வராது. உடைச்சி எடுத்துடவா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. மாமியார் தன் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். புருஷன் கல்லுமாதிரி உயிரோடு நிற்கும்போது வளையலை உடைப்பதா? அந்தக் கல்லுமாதிரி நின்றவருக்கு மட்டும் இதில் சொல்வதற்கு எதுவும் இல்லை.

சிஸ்டர் பெருமூச்சு விட்டார். ஸ்கேனுக்குத் தடவும் ஜெல்லி பாட்டிலை எடுத்து என் இடதுகையில் தாராளமாகப் பிழிந்தார். ஒவ்வொரு வளையலாக வழுக்கி வந்தது. மாமியார் புடவை முந்தானையை விரித்து, பிரசாதம் வாங்குவதுபோல் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டார். "இது கழட்டனதா ஆவாது. அதுவா வந்துடுச்சி" என்று தன் மகளிடம் சொன்னார். சட்டத்தில் இப்படி ஒரு வழி இருப்பது வக்கீல்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. வலதுகை வளையல்களும் வேப்பிலைக் காப்பும் அவரவர் இடத்திலேயே இருந்தன.

அடுத்தநாள் நாத்தனார் கையில் பெரிய பாட்டிலோடு வந்தார். "குடி, நல்லா குடி. நான் அப்பவே சொன்னேன் இல்ல, தண்ணி முக்கியம்னு?"

நான் குடித்தேன். தாகத்துக்கு முன்னால் மானம் ஒரு பொருட்டா?

நிஜமான சண்டை வெள்ளிக்கிழமைதான். அன்றோடு எனக்கு ஏழு முடிந்து மறுநாள் எட்டாம் மாதம் பிறப்பதாக மாமியார் கணக்குப் போட்டிருந்தார். ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று எங்கள் பக்கத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். டாக்டர்களுக்கு மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவை மாமியார் மறித்தார்.

"மேடம், இன்னிக்குள்ள எடுத்துக் குடுத்துடுங்க. நாளைக்கி எட்டு பொறந்துடும்."

"அதனால?"

"எட்டு ஆவாது மேடம். ஏழுன்னா பொழைச்சிக்கும்."

"அம்மா, ஏழைவிட எட்டு நல்லது. எட்டைவிட ஒன்பது நல்லது. உள்ள இருக்கிற ஒவ்வொரு நாளும் அதுக்கு பலம்."

அவர் போனதும் மாமியார் என் தலைமாட்டில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். "நீ வலிக்குதுன்னு சொல்லு கண்ணு. கத்து. எடுத்துடுவாங்க."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. என்னை ஏமாற்ற வரவில்லை. பேரப்பிள்ளையைக் காப்பாற்ற வந்திருந்தார். அதனால் எனக்குக் கோபம் முழுதாக வரவில்லை.

"அத்தை, உள்ள இருக்கிறதுக்குக் கேலண்டரு மாட்டிக் குடுக்கல. வலிக்கல. வலிச்சா சொல்றேன்."

"சொன்னா கேளேம்மா."

"அஞ்சு நாளு கேட்டேன் அத்தை. நாக்கு ஒட்டிக்கினு கேட்டேன். இத மட்டும் கேக்க மாட்டேன்."

அவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். மாலைவரை வரவில்லை. வந்தபோது கஞ்சி கொண்டுவந்தார், பேச்சு கொண்டுவரவில்லை.

படுத்தே கிடந்தேன். தெர்மாமீட்டர், ரத்தப் பரிசோதனை, துணி மாற்றும்போதெல்லாம் கசிவின் நிறமும் வாசனையும் பார்த்தார்கள். எட்டாம் மாதம் நடுவில் ஒரு காலை உடம்பு கொதித்தது. நாடி ஓடியது. கசிவில் கெட்ட வாசனை. டாக்டரம்மா, "பையில கிருமி ஏறிடுச்சி. இனிமே உள்ள இருக்கிறது வெளியில இருக்கிறதைவிட ஆபத்து" என்றார். மருந்து ஏற்றி வலியை வரவழைத்தார்கள். அன்று மதியம் பெண் பிறந்தாள். என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. பூனைக்குட்டிபோல் ஒரு சத்தம்தான். அதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நஞ்சுக்கொடி வந்ததும் சிஸ்டர் அந்தச் சவ்வைக் கையில் பரப்பி வெளிச்சத்தில் பார்த்தார். நானும் பார்த்தேன். கண்ணாடிபோல் இருக்கவேண்டியது கலங்கி மஞ்சள் பாரித்திருந்தது. கிழிசலின் ஓரம் நைந்திருந்தது. எத்தனை நைந்த துணியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதை யாரிடம் திருப்பி அனுப்புவது?

காரணம் கண்டுபிடிக்கும் வேலையைக் குடும்பம் எடுத்துக்கொண்டது. மாமியாருக்குத் தையல் மிஷின் பெடல். அம்மாவுக்கு நான் பார்த்துவிட்ட கிரகணம். நாத்தனாருக்கு, யார் வீட்டிலோ நான் தின்ற பப்பாளி. டாக்டரம்மாவைக் கேட்டால், கிருமி முதலிலேயே இருந்து சவ்வை அரித்திருக்கலாம், சவ்வே மெலிவாக இருந்திருக்கலாம், பலபேருக்குக் காரணம் தெரிவதேயில்லை, அடுத்தமுறை ஆரம்பத்திலேயே வந்து சொல்லுங்கள் என்றார். இவ்வளவு படித்தவர் தெரியாது என்று சொல்வதை எங்கள் வீட்டில் யாராலும் மன்னிக்க முடியவில்லை.

பச்சிளங்குழந்தை வார்டில் மகள் மூக்கில் காற்றுக் குழாயோடும் வாயில் பால் குழாயோடும் கிடந்தாள். எட்டாம் மாதத்தில் பிறந்தவளைப் பார்க்க மாமியார் முதலில் கண்ணாடிக்குப் பக்கத்தில் வரவே பயந்தார். பார்த்துப் பழகி, தங்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். வெளியில் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போய்வருகிற என்னிடம், "மூச்சு வுடுதா?" என்று மட்டும் கேட்பார். "வுடுது" என்பேன். காற்றுக் குழாயை எடுத்த அன்றும் அதே கேள்விதான் கேட்டார். அதே பதிலைத்தான் சொன்னேன். அன்றைக்குத்தான் எழுந்து வந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார்.

அதற்கப்புறம் ஒருநாள் சிஸ்டர் பால் புகட்டும் பாலாடையைக் கொதிநீரில் அலசி எடுத்துவந்தார். பீய்ச்சிய பாலைக் கொஞ்சமாக ஊற்றி என் கையில் கொடுத்தார். "ஒரு சொட்டா விடுங்க. முழுங்கவும் மூச்சு விடவும் அதுக்கு ஒரே நேரத்துல தெரியாது. அவசரப்படாதீங்க."

உதட்டோரம் ஒரு சொட்டு விட்டேன். நாக்கு வந்து தொட்டது. விழுங்கினாள். பிறகு அசையாமல் இருந்தாள். மூச்சு நின்றுவிட்டதோ என்று நான் சிஸ்டரைப் பார்ப்பதற்குள் மார்புக்கூடு ஏறி இறங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமியாரும் அம்மாவும் நாத்தனாரும் வரிசையாக நின்றார்கள். எப்படிப் புகட்டுவது என்று ஒருவர்கூடச் சைகை காட்டவில்லை.

இரண்டாவது சொட்டை விட்டேன்.